பீரோ மேல் ஓர் அமானிதம்

தேவிபட்டினம்
5.3.2025

உமாமகேஸ்வரி அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உங்களிடம் அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் சல்மா, காதர் மைதீனின் மனைவி. உங்கள் கணவர் பிரபாகரன் அண்ணனும் என் கணவரும் ஓமனில் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று இவர் எனக்குப் போனில் சொல்லுவார். எங்கள் வீட்டுக் குழம்பு உங்களுக்கும் வந்திருக்கும்.

மூன்று தடவை போன் செய்தேன். "நான் சல்மா" என்றதும் வைத்துவிட்டீர்கள். பிறகு என் நம்பரையும் இவர் நம்பரையும் ப்ளாக் செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். பாதியில் மூடி வைத்தாலும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும், என்றைக்காவது படிப்பீர்கள்.

இவர் ஜனவரியில் லீவில் வந்தபோது அண்ணனுடைய அஸ்தியைக் கையோடு கொண்டுவந்தார். இரண்டு தடவை அபிராமத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் நீங்கள் கதவைத் திறக்கவில்லை. லீவு முடிந்து போன மாதம் இருபதாம் தேதி கிளம்பிவிட்டார். போகும்போது, "ஒரு வாரத்துல வந்து வாங்கிக்குவாங்க, அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு" என்றார். இரண்டு வாரம் ஆகிவிட்டது.

பழுப்பு நிற பிளாஸ்டிக் டப்பா. இரண்டு கிலோ சர்க்கரை அளவு கனம் இருக்கும். அதைத் துணிப்பையில் போட்டு, காகிதங்களையும் ஒரு கவரில் வைத்து, படுக்கையறை பீரோவுக்கு மேல் ஏற்றியிருக்கிறேன். வீட்டில் என் மாமியார் இருக்கிறார். மகள் மர்வாவுக்கு எட்டு வயது. மகன் சஃபீருக்கு நான்கு. மாமியாருக்கு முதலில் பயம். "நம்ம வீட்டுல இதை வைக்கலாமா?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டார். அவர், "அது அமானிதம். நம்பிக் கொடுத்த பொருளு. உரியவங்க கையில சேர்க்கிற வரைக்கும் கண்ணு மாதிரி பாத்துக்கிறது உங்க கடமை" என்று சொல்லியனுப்பினார். அதோடு மாமியார் அமைதியாகிவிட்டார்.

மர்வாவுக்கு அண்ணனை வீடியோ காலில் தெரியும். ஒரு நாள், "உம்மா, பிரபா மாமாவுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள். இப்போது தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பீரோவை அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. எங்களுக்குப் பாரம் என்று சொல்லவில்லை. அவர் இருக்க வேண்டிய வீடு இது இல்லையே.

இப்படிக்கு,
சல்மா


அபிராமம்
19.3.2025

சல்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் கேட்டு யாரும் எதையும் கொண்டுவரவில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி, தூங்கப் போனவர் எழுந்திரிக்கவில்லை என்று போன் வந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரம். கம்பெனி மூடிவிட்டது, விசா முடிந்துவிட்டது, அந்தக் காகிதம் இல்லை, இந்தக் காகிதம் இல்லை. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்றார்கள். வாசலில் பந்தல் போட்டோம், பிரித்தோம், மறுபடியும் போட்டோம். கடைசியில் ஒரு கையெழுத்தை வாங்கி அங்கேயே எரித்துவிட்டார்கள்.

முகம் பார்க்கவில்லை. பார்க்காத முகத்துக்கு நான் எப்படி அழுவது? ஐஸ் அறையில் உடல் மாறிப்போனதாகப் பேப்பரில் படித்திருக்கிறேன். உங்கள் பீரோ மேல் இருப்பது யாரோ. யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஜெயசுதாவுக்குப் பதினோரு வயது, சேதுபதிக்கு நான்கு. அப்பா இறந்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது, நான் சொல்லவில்லை. பெரியவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சின்னவன் அவரைப் போனுக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அந்த டப்பாவை வாங்கி வந்தால் நான் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வைத்திருக்கக் கஷ்டமாக இருந்தால் உங்கள் ஊரில்தான் கடல் இருக்கிறதே.

உமாமகேஸ்வரி


தேவிபட்டினம்
4.4.2025

அன்புள்ள உமா அக்காவுக்கு,

கடல் இருக்கிறதுதான். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கடலுக்குள் நவபாஷாணக் கோயிலுக்கு நடந்து போகும் பாதை தெரியும். எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் தண்ணீரில் நின்று திதி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அத்தனை பேரையும் தினமும் பார்க்கிறேன். அதற்காக, அண்ணனை நான் எடுத்துக்கொண்டு போய்க் கரைத்துவிட முடியுமா? நான் அவருக்கு யார்?

உங்கள் கடிதத்தை இவரிடம் போனில் படித்துக் காட்டினேன். இவர் சொன்னார்: "நான் முகத்தைப் பாத்தேன்னு சொல்லு. இடது புருவத்துல வெட்டுக்காயத் தழும்பு இருந்துச்சுன்னு சொல்லு." அங்கே இந்துக்களுக்கென்று ஒரு சுடுகாடு இருக்கிறதாம். தேங்காய்க்கும் சூடத்துக்கும் இவரும் இன்னும் மூன்று பேரும் கடை கடையாக அலைந்திருக்கிறார்கள். கொள்ளி வைக்க யாரும் இல்லாததால் நாகர்கோவில்காரர் ஒருவர் வைத்தாராம். இவர் பக்கத்திலேயே நின்றாராம். தனியாக விடவில்லை அக்கா. அதை மட்டும் நம்புங்கள்.

பெருநாள் முடிந்து பலகாரம் அனுப்ப நினைத்தேன். நீங்கள் துக்க வீடு என்று ஒத்துக்கொள்ளவே இல்லை, ஆனாலும் எனக்கு அனுப்பத் தோன்றவில்லை.

சல்மா


தேவிபட்டினம்
3.5.2025

உமா அக்காவுக்கு,

இதை எழுதாமல் மறைத்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். மாமியாரும் அதையேதான் சொன்னார். முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். திடீரென்று மர்வா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் மேல் நாற்காலி, கீழே விழுந்து கிடக்கும் சஃபீர், தரையெல்லாம் சாம்பல். டப்பா மூடி இரண்டாக உடைந்து கிடந்தது. அவன் அக்கா தினமும் அண்ணாந்து பார்த்துப் பேசுகிறாளே, மாமா மேலே எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க ஏறியிருக்கிறான்.

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அதை நிறுத்தினேன். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்கு ஓடிய புத்தி. ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். இரண்டு பேரையும் கட்டில் மேல் ஏற்றி, "அசையக் கூடாது" என்றேன். துடைப்பத்தால் தொட மனம் வரவில்லை. இவருடைய புது வேட்டியை விரித்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அதில் சேர்த்தேன். கையில் வராததை நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அந்தத் துணியைக் காயவைத்து அதோடேயே வைத்திருக்கிறேன். சஃபீர் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினேன். அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாக, கொல்லைத் தென்னை மூட்டில் ஊற்றினேன். அது சரியா தப்பா என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

சஃபீர் ஒரு கையை மட்டும் விரிக்கவே இல்லை. "என்னலே அது, காட்டு" என்றால் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். "கல்லும்மா, மாமாவோட கல்லு" என்றான். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தேன். வாயைத் திறந்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

இப்போது திருகுமூடி போட்ட புது எவர்சில்வர் டப்பாவில், பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அன்றைக்கே பூட்டியிருக்க வேண்டும். பூட்டி வைத்தால் அண்ணனை அடைத்து வைத்த மாதிரி இருக்குமே என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிள்ளையைச் சபித்துவிடாதீர்கள்.

சல்மா


அபிராமம்
11.5.2025

அன்புள்ள சல்மா,

பிள்ளையை யாராவது சபிப்பார்களா? அவன் கீழே விழுந்தானே, அடி படவில்லையா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். இங்கே பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபேனை நிறுத்தினேன் என்ற இடம் வந்தது. அவ்வளவு நாள் அது யாரோ, எதுவோ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "ஐயோ, காத்துல போயிருக்குமே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடை ஓனர் என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

என்ன நிறத்தில் இருந்தது சல்மா? வெள்ளையாகவா, கறுப்பாகவா? அள்ளும்போது கையில் எப்படி இருந்தது? இதை வேறு யாரிடம் நான் கேட்பேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். இன்னும் மூன்று மாதம் ஆகலாம் என்று சொன்னார்கள். அதுவரை ஐஸ் பெட்டியில் கிடப்பார் என்று நினைக்க நினைக்க எனக்கே குளிர்ந்தது. மார்கழி மாதம் போர்வை இல்லாமல் தூங்காத மனுஷன். என் கையால் கையெழுத்துப் போட்டு, நான் வேலை பார்க்கும் கடையிலேயே ஸ்கேன் செய்து, நானே அனுப்பினேன். எரித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு காதர் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால்தான் கதவைத் திறக்கவில்லை.

கடிதத்தைப் பைக்குள் வைத்திருந்தேன். ஜெயசுதா எடுத்துப் படித்துவிட்டாள். ராத்திரி சாப்பிட உட்காரவில்லை. கேட்டதற்கு, "அந்தப் பய அப்பாவைத் தொட்டிருக்கான்ல? நான் தொடலையே" என்றாள். போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் வருகிறேன். எந்தக் கிழமை வரலாம் என்று எழுதுங்கள். போன் வேண்டாம். குரல் கேட்டால் வரமாட்டேன் என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன்.

உமா


தேவிபட்டினம்
17.5.2025

அன்புள்ள அக்கா,

சஃபீருக்கு முழங்கையில் லேசான சிராய்ப்புதான். ஆறிவிட்டது.

வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஈர மணல் காய்ந்து வரும்போது ஒரு நிறம் இருக்குமே, அந்த மாதிரி. மாவு மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் கையை வைத்தேன். அப்படி இல்லை. குறுகுறு என்று, சிப்பி பொடிந்த மாதிரி இருந்தது. கெட்ட வாடை எதுவும் இல்லை. கையைக் கழுவ அன்றைக்கு ரொம்ப நேரம் எனக்கு மனசு வரவில்லை.

கையெழுத்து உங்களுடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும். கவரில் இருந்த காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. இவருக்கும் தெரியும். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொன்னார். உங்கள் வாயால் வரட்டும் என்று நான் சொல்லவில்லை.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அந்த டப்பா வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. அடுத்தடுத்த கட்டில் அக்கா. அந்தச் சாவு அந்தக் கட்டிலை விட்டு இந்தக் கட்டிலுக்கு வந்திருந்தால்? இவருக்கு அங்கேயே அடக்கம்தான். எனக்குக் கையில் வாங்க ஒரு டப்பாகூட வராது. ஒரு பிடி மண்ணை யாராவது கொண்டுவந்தால் உண்டு. பீரோவைத் துடைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று துடைத்துக்கொண்டே இருப்பேன்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நான் நிற்கிறேன். பச்சைத் துப்பட்டா போட்டிருப்பேன். பிள்ளைகள் இருவரையும் கூட்டி வாருங்கள்.

சல்மா


அபிராமம்
2.6.2025

அன்புள்ள சல்மா,

உன் வீட்டுக்கு வந்தும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். உன் மாமியாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அத்தனை சமைத்து வைத்திருந்தீர்கள். டப்பா கைக்கு வந்த பிறகு வேறு எதையும் வாங்கக் கை வரவில்லை. சேதுபதியாவது சஃபீரோடு சைக்கிளுக்குச் சண்டை போட்டான், பிறகு ஒரே தட்டில் சாப்பிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயசுதாதான் மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம். கண்டக்டர், "பாப்பா, சாமானை மேல வை, ஆளுங்க நிக்க எடமில்ல" என்றார். இவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "இது சாமான் இல்லைங்க" என்றாள். அந்த மனிதர் அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, அப்புறம் ஊர் வரும்வரை எங்கள் பக்கத்தில் யாரையும் நெருக்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரின் அண்ணன் முனியசாமி மச்சான் வந்தார். "வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது ஆத்தா, சின்னப் புள்ளைக இருக்கிற வீடு. வேம்புல கட்டித் தொங்கவிடு, காலையில கொண்டு போய்க் கரைச்சிருவோம்" என்றார். "ஏழு வாரம் ஐஸ்ல, நாலு மாசம் அடுத்த வீட்டுல. இனிமே வெளியில வைக்க மாட்டேன்" என்றேன். அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடி அமாவாசைக்குக் கரைப்பது என்று பிறகு பேசி முடித்தோம்.

டப்பா வந்த அன்றைக்கு ராத்திரியே இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். ஜெயசுதா, "எனக்குப் பந்தல் போட்ட அன்னைக்கே தெரியும்மா. நீ சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். சேதுபதிக்கு எதுவும் ஏறவில்லை. டப்பாவைத் தட்டித் தட்டி, "அப்பா, வெளிய வா" என்கிறான். நேற்று மூடியைத் திருகப் பார்த்தான். நல்லவேளை, வரவில்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். அமாவாசைக்கு ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்தப் பயலை வைத்துக்கொண்டு நான் இதை எங்கே வைப்பது? எப்படிப் பத்திரப்படுத்துவது? என்னை விட உனக்குத் தெரியும்.

உமா


தேவிபட்டினம்
8.6.2025

அன்புள்ள அக்கா,

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இவர் அங்கே தொழுதுவிட்டு வந்து பேசினார். நீங்கள் வந்து போனதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். உயரத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஏறுவார்கள். ஒளித்து வைத்தாலும் தேடுவார்கள். உங்கள் வீட்டில் கண்ணாடி போட்ட ஷெல்ஃப் இருந்தால் அதில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் கழுத்துக் கயிற்றிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. தினமும் ஒரு நேரம் நீங்களே திறந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரையும் டப்பாவைத் தொடவிடுங்கள். சஃபீரையும் மர்வாவையும் நான் ஒருநாள்கூட அப்படித் தொடவிட்டதில்லை. விட்டிருந்தால் அவன் நாற்காலியைத் தூக்கியிருக்க மாட்டான்.

கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. நானும் மர்வாவிடம் பல தடவை "தெரியலத்தா" என்றுதான் சொன்னேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு மர்வா பையை மாட்டிக்கொண்டு அறை வாசல் வரை போனாள். நின்றாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். அமானிதம் உரியவர் கையில் சேர்ந்தால் நிம்மதி வரும் என்று ஹஜ்ரத் சொன்னார். வந்தது. கூடவே வீட்டில் ஓர் ஆள் குறைந்த மாதிரியும் இருக்கிறது.

சல்மா


அபிராமம்
3.8.2025

அன்புள்ள சல்மா,

நீ சொன்ன மாதிரியேதான் வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் திறப்பேன். ஜெயசுதா உள்ளங்கையை மூடிமேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். சேதுபதி பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவான். ஆறு வாரத்துக்குள் அவன் "வெளிய வா" என்று கேட்பதை விட்டுவிட்டான். எப்போது விட்டான் என்று நான் கவனிக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போனோம். கரை கொள்ளாத கூட்டம். சடங்கு செய்தவர் ஆண்பிள்ளையை வரச் சொன்னார். சேதுபதி அலையைப் பார்த்துப் பயந்து, அவன் அக்கா இடுப்பைக் கட்டிக்கொண்டான். முனியசாமி மச்சான் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் பிடிங்க, அவன் புள்ளைக தானே ரெண்டும்" என்றார். ஜெயசுதா இடுப்பளவு தண்ணீரில் நின்று டப்பாவைச் சாய்த்தாள். உன் வெள்ளைத் துணியும் அதோடேயே போனது. காற்று கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என் சேலையில் போட்டது. நான் தட்டிவிடவில்லை.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று சேதுபதி தோளிலிருந்து கேட்டான். ஜெயசுதா, "தெரியும்டா. கண்மாய்ல அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவாராம்" என்றாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

நான் அங்கே அழவில்லை சல்மா. ஊர்க்காரர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

நேற்றுக் கடையில் ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்க விண்ணப்பம் போட்டேன். ஊரில் எத்தனையோ பேருக்கு நான்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஐந்து நிமிட வேலை. எனக்குப் பக்கத்தில் பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் காத்திருந்தார். வெளியூர்க்காரர், என்னைத் தெரியாது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா பேர் எடுக்குறீக?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குங்கய்யா. இறந்துட்டாரு" என்றேன்.

ஒன்பது மாதத்தில் அந்த வார்த்தையை அப்படி யாரிடமும் நான் சொன்னதில்லை. பிள்ளைகளிடம்கூட "அப்பா இனிமே வரமாட்டாரு" என்றுதான் சொல்லியிருந்தேன். பெரியவர் கையில் வைத்திருந்த காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "மெதுவா செய்யாத்தா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அப்போதுதான் அழுதேன். கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று அழுதேன்.

உன் அக்கா,
உமா